மலைக்காரரே, வேணாம்டா

இதில் யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. இதில் வருகிற இருவருடைய மகள் இன்னும் ஈப்போவில்தான் இருக்கிறாள். மார்க்கெட்டில் என்னைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொண்டு போவாள். போகட்டும். அவள் இடத்தில் நான் இருந்தால் மீன் தண்ணீரை எடுத்து மூஞ்சியில் ஊற்றியிருப்பேன்.

இருபதுகளில், ரப்பர் விலை விழுந்து தோட்டத்து ஆட்கள் டவுனுக்கு ஓடிவந்த வருஷங்களில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. சித்தியவான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்து, தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி வேலைக்குப் போய், பெரிய கிராணியோடு சண்டை பிடித்து வெளியே வந்தேன். வாய் கொஞ்சம் நீளம். ஈப்போவில் ஒரு தனியார் துப்பறிவாளரிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். தைப்பிங்கில் போலீஸ் வேலையில் இருந்தவர். மேலதிகாரி ஒரு முட்டாள் என்பதை நல்ல இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்ததால் வேலை போயிற்று.

கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு சீனர் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். துப்பறிதல் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடிப்போன பெண்டாட்டி, காணாமல் போன சைக்கிள், கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் யோக்கியதை, இவ்வளவுதான். அவருக்கு நான் தேவைப்பட்டது என் தோட்டத்துத் தமிழுக்காக. அவருக்கும் தமிழ்தான் தாய்மொழி. ஆனால் எங்கள் ஆட்கள் பேசினால் அவருக்குப் பாதிதான் புரியும். அவர் பேசினால் எங்கள் ஆட்களுக்கு அந்தப் பாதியும் கிடையாது.

கொலை நடந்தது ஒரு மத்தியானம். ஈப்போவில் மத்தியான மழை எப்படி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பழைய டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்சந்தில், தோட்டத்திலிருந்து காரியமாக டவுனுக்கு வந்திருந்த ஒரு கங்காணியை யாரோ கழுத்தில் வெட்டிவிட்டார்கள். கடையின் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்திதான் சாட்சி. அவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். சத்தம் கேட்டு அவள் ஓடி வருவதற்குள் ஆள் விழுந்துவிட்டான். வெட்டியவன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழைக்குள் ஓடுவதுதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

போலீஸின் தமிழ் மொழிபெயர்ப்பாளர் மலேரியாவில் படுத்திருந்தார். அதனால் அரை நாளைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு ஏக சந்தோஷம். ஸ்டேஷனில் அந்தப் பெண் தரையில் குந்தி உட்கார்ந்திருந்தாள். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் கேட்கச் சொன்னதைக் கேட்டேன்.

"செத்துப் போனவரு ஏதாச்சும் சொல்லிக் கத்தினாரா?"

"கத்துனாருங்க. 'மலைக்காரரே, வேணாம்டா'ன்னு கத்துனாருங்க."

அதை அப்படியே என் நோட்டில் தமிழில் குறித்துக்கொண்டேன். பிறகு, மலையில் இருக்கிற ஆளே, வேண்டாம் என்று பொருள்படும்படி இங்கிலீஷில் சொன்னேன். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற தமிழ்க் கான்ஸ்டபிளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஈப்போவில் மலைக்காரன் என்றால் ஒரே ஆள்தான். சுண்ணாம்பு மலையில் கல் உடைக்கிறவன், மலைக் குகையிலேயே படுத்துக்கொள்கிறவன். போன வாரம்தான் கள்ளுக்கடையில் அதே கங்காணியின் சட்டையைப் பிடித்திருக்கிறான். பொழுது சாய்வதற்குள் அவனைக் கொண்டுவந்து அடைத்துவிட்டார்கள். மழையென்று அன்று வேலையில்லை, குகையில் தனியாகத் தூங்கினேன் என்றான். அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. இன்ஸ்பெக்டர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். அன்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நாலைந்து நாள் கழித்து எங்கள் மாடிப்படியில் ஒரு அம்மாள் ஏறி வந்தாள். மலைக்காரனின் அக்கா. பாகான் செராயில் வயல் வேலை செய்கிறவள். நாற்று நடவை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள், நகக்கண்ணில் சேறு இருந்தது.

"எந் தம்பி கோவக்காரன், ஐயா. கை நீட்டுவான். ஆனா ஆளக் கொல்ல மாட்டான். எப்படியாச்சும் பாருங்க ஐயா. தைப்பிங்குக்குக் கொண்டு போயிட்டா அப்புறம் வரமாட்டான்லா."

தைப்பிங் என்றால் ஜெயில். ஜெயில் என்றால் தூக்குமேடை. அவள் அதைச் சொல்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். துப்பறிவாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "போலீசு பிழை விட்டிருக்கெண்டால் அதைக் காட்டுறது எனக்குப் பிடிச்ச வேலை, அம்மா. நீங்கள் இருங்கோ" என்றார். அவளுக்கு 'இருங்கோ' மட்டும் புரிந்தது. அன்றிலிருந்து வழக்கு முடியும்வரை பகலெல்லாம் எங்கள் படியிலேயே இருந்தாள்.

லாக்கப்பில் மலைக்காரனைப் பார்த்தோம். முரட்டு ஆள். கண் மட்டும் மிரண்டு போயிருந்தது. எதைக் கேட்டாலும் "தூங்கிட்டிருந்தேங்க" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. புறப்படும்போது, சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று ஒப்புக்குக் கேட்டேன்.

"சோறு மட்டும் நல்லா வருதுங்க. கருவாடெல்லாம் வச்சு."

யார் கொண்டுவருகிறார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. வாசலில் நின்ற கான்ஸ்டபிளைக் கேட்டோம். "சாப்பாட்டுக் கடையில பாத்திரம் தேய்க்கிற பொண்ணுதான். பாவப்பட்டுக் குடுக்குது" என்றான்.

துப்பறிவாளர் தெருவில் இறங்கியதும் நின்றுவிட்டார்.

"சாட்சி சொல்லி ஆளை உள்ளுக்குப் போட்டவள், அந்த ஆளுக்கே ஏன் சோறு கொண்டுபோறாள்? நீர் சொல்லும் பாப்பம்."

பெண்கள் இரக்கப்படுவார்கள் என்றேன். "இரக்கத்துக்குக் கருவாடு வைக்கமாட்டினம்" என்றார்.

அதனால் அந்தச் சாப்பாட்டுக் கடையிலேயே மத்தியானச் சாப்பாட்டை வைத்துக்கொண்டோம். மூன்றாம் நாள், அவள் பெரிய தவலையைச் சாய்த்துக் கஞ்சி வடிக்கும்போது துணி நழுவி, கொதிக்கிற கஞ்சி காலில் கொட்டிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் பழனி மலையில் நிற்பவன் பெயரைச் சொல்லித்தான் அலறியிருப்பார்கள். கடை முழுக்க அவன் படம்தான் மாட்டியிருந்தது. அவள், "மலைக்காரரே!" என்று அலறினாள்.

சமையல்காரர் ஓடிப்போய் அவள் காலில் பச்சைத் தண்ணீரை ஊற்றினார். ஊற்றிக்கொண்டே எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"பாருங்க கிராணி ஐயா, காலு வெந்தாக்கூட சாமி பேரு வாயில வராது இதுக்கு. வீட்டுக்காரன் பேரும் அதேதான்லா! தைப்பூசத்துக்குப் போனாலும் மலைக்காரரேதான், கோயில்ல எல்லாரும் சிரிக்கிறாங்க."

சோற்றில் வைத்த என் கை அப்படியே நின்றது. நாங்கள் கிறிஸ்தவர்கள். மலையில் நிற்கிற சாமியை எங்கள் வீட்டில் கும்பிட்டதில்லை, அதனால் அந்த வார்த்தை எனக்குப் படவில்லை என்று சாக்குச் சொல்லலாம். சொல்ல முடியாது. என் அப்பாவுக்கு அப்போஸ்தலர் ஒருவரின் பெயர். என் அம்மா ஜெபத்தில் அப்போஸ்தலர்களை வரிசையாகச் சொல்லும்போது பன்னிரண்டு பேரில் பதினோரு பேர்தான் வருவார்கள். நடுவில் ஒரு இடத்தில் மூச்சை மட்டும் விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுவாள். அதைச் சொல்லிச் சொல்லி அவளைக் கேலி செய்து வளர்ந்தவன் நான்.

ஆபீசுக்கு வந்ததும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது: மலைக்காரரே, வேணாம்டா.

'ரே' என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டு அதே மூச்சில் 'டா' என்று எந்தத் தமிழன் சொல்வான்? ஒரு தோட்டத்துக் கங்காணி, கல் உடைக்கிறவனைப் பார்த்து, அதுவும் கழுத்தில் வெட்டு விழும்போது, 'மலைக்காரரே' என்பானா? 'டா' செத்தவனுடையது. 'ரே' அவளுடையது. அவன் ஒரு பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறான். அவள் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தான் எப்போதும் சொல்கிற வார்த்தையை வைத்திருக்கிறாள். நான் இங்கிலீஷில் சொன்னபோது ரேயும் போயிற்று, டாவும் போயிற்று. ஒரு ஆள் மட்டும் மிஞ்சினான், அவனைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

துப்பறிவாளருக்கு விளக்கிச் சொன்னேன். முதல் தடவையாக என்னை முழுசாகப் பார்த்தார்.

"எங்கட பக்கத்திலயும் சொல்லமாட்டினம். என்ர மனுசி இருவது வருசமா 'இஞ்சாருங்கோ'தான்" என்றார்.

"அந்தப் பேரு ஈப்போவில நூறு பேருக்கு இருக்கும், ஐயா" என்றேன். அந்த நூறில் யாராவது ஒருவனாக இருக்கட்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

"இருக்கும். ஆனால் அந்த நூறு பேரில ஒருத்தன்ர மனுசிதான் லாக்கப்புக்குச் சோறு கொண்டுபோறாள்."

அவளிடம் பேச என்னைத்தான் அனுப்பினார். மறுநாள் காலையில் போனேன். பின்கட்டில் காலில் துணி சுற்றிக்கொண்டு சாம்பலால் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நோட்டைத் திறந்து அவள் சொன்னதை அவளுக்கே படித்துக் காட்டினேன். ரேயையும் டாவையும் தனித்தனியாகச் சொன்னேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நான் வேணும்னு மாத்தலீங்க, கிராணி ஐயா. வாயில அப்படித்தான் வந்துச்சு. சத்தியமா. அந்தப் பேரு உள்ளவங்க எத்தனையோ பேரு, யாரோ எவரோன்னுதான் நெனச்சேன். பொழுது சாய வீட்டுக்குப் போனா, அவரு அருவாளக் கழுவிக்கிட்டிருந்தாரு."

அவள் புருஷன் டவுனில் மாட்டுக்குப் புல் அறுத்துக் கொடுக்கிறவன். அரிவாளைக் கழுவுகிற வழக்கம் அவனுக்கு இல்லை. அவளைக் கண்டதும், "அந்தக் கங்காணியப் பாத்துட்டேன், புள்ள" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அதற்கு மேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தோட்டத்தில் இருந்தபோது மூத்த பையனுக்குக் காய்ச்சல். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று காலைப் பெரட்டில், ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்புகிற இடத்தில், அவள் கங்காணியின் காலில் விழுந்திருக்கிறாள். அவன் அவளை ரப்பர் காட்டுக்குப் பால் வெட்டத் துரத்திவிட்டான். மத்தியானம், ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குத் திரும்பி வந்தபோது பிள்ளை விறைத்துக் கிடந்தது. அதன் பிறகுதான் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கு வந்திருக்கிறார்கள்.

"வாயில வராத பேரு, வராமலே போகட்டும்னு இருந்துட்டேன். சோறு எறங்கல. அந்த அண்ணனுக்காவது எறங்கட்டும்னு கொண்டு போறேன்" என்றாள்.

அந்த இடத்தில் நான் எழுந்து வந்திருக்கலாம். என் புத்தி அப்படி இல்லை. படியில் உட்கார்ந்திருக்கிற அக்காவின் முகம் ஒரு பக்கம், என் தப்பு ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து கோபமாக வந்தது.

"அந்த ஆளத் தூக்குல போட்டா அது எந் தலையிலயும் விடியும், உந் தலையிலயும் விடியும், தங்கச்சி. சோத்துல கருவாடு வச்சா சரியாப் போயிடுமா?"

இதைச் சொன்ன வாயை என்ன செய்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவள் குண்டானைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் கையைக் கழுவினாள்.

"அந்தப் பேர நானாங்க சொல்லணும்? நீங்க சொல்லக் கூடாதா?"

"நான் காதால கேக்கலியே, தங்கச்சி. கேட்டது நீதானே."

மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் விசாரணை நடந்த அன்று காலையிலிருந்தே மூட்டமாக இருந்தது. அவள் புருஷனும் வந்திருந்தான். ஒல்லியான ஆள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெளி வராந்தாவில் ஜன்னலோரமாக நின்று, ஏதோ வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தான். ஏன் ஓடவில்லை என்று பிற்பாடு பல பேர் கேட்டார்கள். ஏன் ஓட வேண்டும்? அவள் பெண்டாட்டி. அந்தப் பெயர் அவள் வாயில் வராது என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். எங்கள் ஆட்களில் எந்த ஆம்பிளையும் அப்படித்தான் நின்றிருப்பான்.

மலைக்காரன் கூண்டில் நின்றான். அவன் அக்கா சுவரோரம் தரையில் இருந்தாள். மலைக்காரனுக்கு நாங்கள் பிடித்துக் கொடுத்த வக்கீலுக்குப் பின்னால் நான் நின்றேன். சாட்சி சொல்ல வந்தவளிடம் கேட்க வேண்டிய கேள்வியை வக்கீலுக்கு எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

"செத்துப் போனவர் கத்திய வார்த்தையை, ஒரு எழுத்தும் மாற்றாமல், அவர் கத்தின மாதிரியே சொல்ல வேண்டும்."

கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் கேட்டார். அவள் முந்தானையைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள். வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. மாஜிஸ்டிரேட் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் சுவரோரம் இருந்த அந்த அக்காவைப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னாள். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். பழக்கமில்லாத வார்த்தை, அளவு தெரியாமல் உரக்க வந்துவிட்டது. கோர்ட்டு முழுவதும் கேட்டது.

"இந்தா இருக்கேன், என்னா புள்ள?" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து பதில் வந்தது.

அவன் யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலில் தன் பெயரைக் கேட்டிராத ஒருவன், கேட்டதும் திரும்பிப் பார்த்துச் சொன்ன பதில். அவளுடைய மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவள் "வேணாம்டா" என்பதையும் சொல்லி முடித்தாள். கான்ஸ்டபிள்கள் வெளியே போனபோது அவன் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டுக் கையை நீட்டினான். எதையும் மறுக்கவில்லை. அரிவாள் வீட்டுக் கூரையில் செருகியிருக்கிறது என்று அவனே சொன்னான்.

மலைக்காரனை விட்டார்கள். அவன் அக்கா எங்கள் இருவர் காலிலும் விழப் போனாள். துப்பறிவாளர் பின்வாங்கிக்கொண்டு, "எனக்கு வேண்டாம், பிள்ளை. அவளின்ர காலில விழு" என்றார். ஆனால் அவள் அதற்குள் போய்விட்டிருந்தாள்.

தைப்பிங்கில் புல் அறுக்கிறவனுக்குத் தூக்குத் தேதி குறித்த பிறகு, அவள் எங்கள் ஆபீசுக்கு வந்தாள். ஜெயிலுக்குக் கூட வர முடியுமா என்று கேட்டாள். ரயிலில் போனோம். தைப்பிங்கில் எப்போதும் போல மழை. ஜெயில் வாசலில் பஞ்சாபி வார்டர், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று மலாயில் கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க, கிராணி ஐயா. நான் சொன்னது போதும்."

சொன்னேன். அதற்குத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் இன்னும் மெலிந்திருந்தான். அவள் மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. மகள் சாப்பிடுகிறாளா என்று கேட்டான். அந்த மலைக்கார அண்ணன் வேலைக்குப் போகிறாரா என்று கேட்டான். மணியடிக்கப் போகிறார்கள் என்று வார்டர் சொன்னபோது அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தான்.

"அன்னிக்குக் கூப்பிட்டியே புள்ள. இன்னொரு தடவ கூப்பிடு."

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டான். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். அவன் கொஞ்சம் காத்திருந்தான். மணி அடித்தது. "சரி, வேணாம், போ" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மழைச் சாரல் முகத்தில் அடித்தும் ஜன்னலை மூடவில்லை. பாடாங் ரெங்காஸ் தாண்டியபோது அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். ஜன்னலை இறக்கிவிடலாம் என்று குனிந்தபோது காதில் விழுந்தது. புருஷன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ரேயும் இல்லாமல் டாவும் இல்லாமல், வெறும் பெயரை, வெளியே மழையைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடுவது போல. நான் எதிர்ப்பக்கத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். ஈப்போ வரும்வரை அவள் நிறுத்தவில்லை.